முப்பதாம் பக்கத்தில் தெரிந்துவிடும்

முப்பதாம் பக்கம் வந்ததும் அண்ணி பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். படித்த தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, கவிழ்த்து, மேலே டீ டம்ளரை வைப்பார். பிறகு கதை எப்படி முடியும் என்று எனக்குச் சொல்வார். ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவர் அவர். சொன்ன முடிவு தப்பி நான் பார்த்ததில்லை.

இளைஞர்களுக்கான எதிர்கால நாவல் ஒன்று வந்தபோது, டம்ளரை வைப்பதற்குள் சலித்துக்கொண்டார்.

"இதையே எத்தனை தடவை திருத்துறது தம்பி? பதினாறு வயசுப் பிள்ளைங்க இருக்குற வீட்டுக் கதவுல அடையாளம் போடுவாங்க. சுற்றுலான்னு பஸ் வரும். போன பஸ் திரும்பாது. ஒருத்தி மட்டும் தப்பிப்பா, ரெண்டு பசங்க அவளுக்காக அடிச்சுக்குவாங்க, கடைசியில கோட்டை சாயும்."

"நல்ல வரி ஒண்ணுகூட இல்லையா அண்ணி?"

"நீங்க படிக்கிற கவிதை ஒண்ணும் புரியாது. இதுல எல்லாமே புரியுது. ரெண்டும் தலைவலிதான்."

வாலு எட்டிப் பார்த்தாள். அண்ணியின் ஒரே மகள், அவளுக்கும் பதினாறுதான். "அந்த ரெண்டு பேர்ல யாரும்மா அழகு?"

"போய்ப் படிடி."

கடைசித் தாளின் ஓரத்தில் அண்ணி எழுதினார்: 'புதிதாக எதுவும் இல்லை. கற்பனை போதாது.'

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே எங்கள் தெருவுக்குக் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் யார் யார், என்ன வயது என்று சிரித்த முகமாகக் கேட்டார்கள். போகும்போது அழைப்பு மணிக்கு மேலே வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எதிர்வீட்டில் ஒட்டவில்லை, அங்கே சின்னக் குழந்தைகள் மட்டும்தான். அண்ணி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வாலு துள்ளிக்கொண்டு வந்தாள். "சித்தப்பா, டூர்! எங்க வகுப்புக்கு மட்டும்! காசே வேண்டாமாம்!"

போகக் கூடாது என்றார் அண்ணி.

"ஓசியில கூட்டிட்டுப் போனா போகட்டுமே" என்றார் அண்ணன். "கதை படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போகட்டுங்க. அந்தக் கதையில ஒரு அம்மாகூட வேண்டாம்னு சொல்லல. எல்லாரும் கைய ஆட்டி அனுப்பி வைக்கிறாங்க."

வாலு அழுதாள், கதவை அறைந்தாள், சாப்பிட மாட்டேன் என்றாள். அண்ணி அசையவில்லை. புறப்படும் நாளுக்கு முந்தின மதியம் அவளைப் பெரியம்மா ஊருக்கு அழைத்துப் போய், அங்கேயே தங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டிய பஸ் வரவில்லை. பாதை சரியில்லை என்றார்கள். பிறகு பயிற்சி நீள்கிறது என்றார்கள். பெற்றோர்கள் பள்ளி வாசலில் நின்றார்கள். அதன்பின் அங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கழுத்தில் அதே மாதிரி அட்டையோடு ஒருவர் வந்தார்.

"பொண்ணு எங்க?"

"காய்ச்சல் சார். சொந்தக்காரங்க வீட்டுல இருக்கா" என்றார் அண்ணன். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

"எந்த ஊரு?"

அண்ணன் வேறொரு ஊரைச் சொன்னார். வந்தவர் அவசரமில்லாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "திரும்ப வர்றேன்" என்று போனார்.

திருத்திய தாள்களைப் பதிப்பகத்தில் கொடுக்க நான்தான் போனேன். அண்ணியின் குறிப்பைப் படித்த முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்தார். எழுதியவர் ஒரு மாதமாகத் தொடர்பில் இல்லை என்றார். அவருக்கு எழுத்து தொழிலல்ல. பக்கத்து நகரத்தில், போன வருஷம், வீடு வீடாகப் போய் ஸ்டிக்கர் ஒட்டியவராம்.