கேட்டுக்கு வெளியே நின்ற அக்கா

எனக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. அறிகுறி இருந்தது என் அக்காவுக்கு. பரிசோதனை கிடைத்ததோ எனக்கு.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தி "அது தானாச் சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அக்கா வீடும் என் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. நான் நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். அக்கா பாண்டியம்மாள் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போவாள். மாமா இறந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புதான். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் குழம்பு வைத்திருப்பாள். உப்பு எப்போதும் ஒரு கல் கூடுதலாக இருக்கும். சொன்னால் சண்டைக்கு வருவாள்.

எங்கள் மில் நூலை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, பெண் தொழிலாளர்களின் உடல்நலத்துக்காக நிதி கொடுத்தது. மதுரையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் செவிலியர்களை அனுப்பியது. மில் நிர்வாகம் ஓய்வறையை ஒதுக்கித் தந்தது. பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்றும் அறிவித்தது. உண்மையைச் சொன்னால், அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் வரிசையில் நின்றிருக்க மாட்டோம்.

செவிலியர் எஸ்தர் என்னைப் படுக்க வைத்து, கருப்பைவாயில் (கருப்பையின் கீழ்முனை) காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவினார். ஓரிடம் மட்டும் வெளுத்தது.

"பயப்படாதீங்கக்கா. இது புத்துநோய் இல்ல. அப்படியே விட்டா பின்னால மாறலாம். இப்பவே சுட்டு எடுத்துரலாம்" என்றார்.

உடன் வந்திருந்த பெண் மருத்துவர் ஒரு சிறு கருவியைச் சூடாக்கி அந்த இடத்தில் வைத்தார். மாதவிலக்கின்போது வருவதுபோல அடிவயிற்றில் ஒரு சுருக்கு. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் நீராகப் பட்டது, பிறகு நின்றது. என் நோயின் கதை அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். முதலில் கேலி செய்தாள். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எனக்கும் கொஞ்ச நாளா விட்டு விட்டுப் படுதுடி. வெள்ளையும் போகுது. வாடை வேற. நிக்கிற வயசு, இப்படித்தேன் வரும்."

மறுநாள் எஸ்தரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. என்னையும் கூட்டிக்கொண்டு மில் அதிகாரியிடம் போனார்.

"சார், ஒரே ஒரு ஆளு. இவங்க கூடப்பொறந்த அக்கா."

"சிஸ்டர், இது நம்ம தொழிலாளிகளுக்குன்னு வந்த பணம். வெளியாளைச் சேர்த்தா நான்தான் மேல பதில் சொல்லணும். ஒரு ஆளுன்னு ஆரம்பிப்போம், நாளைக்கு கேட்ல ஊரே நிக்கும்."

அவர் கெட்டவர் அல்ல. சொன்னதும் பொய் அல்ல. ஊரே நின்றிருக்கும். நிற்க வேண்டிய தேவை ஊருக்கே இருந்தது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. ஊருக்குள் முகாம் நடத்த அடுத்த கட்டத்தில் திட்டம் இருப்பதாக எஸ்தர் சொன்னார். "அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"வெட்டு முடியட்டும், வாரேன்" என்றாள் அக்கா. வெட்டு முடிந்தது. "பொங்கல் கழியட்டும். வாடிவாசலுக்கு வர்ற சனத்துக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்றாள். நான் கத்தினேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பேசாமலே குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

பொங்கல் கழிந்து, ஒரு நண்பகலில் வயலிலேயே ரத்தம் கொட்டத் தொடங்கி நிற்கவில்லை. யாரோ ஒருவரின் வண்டியில் உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

பயாப்ஸி (சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. மதுரை காளவாசலில் எடுத்த ஸ்கேனும் வந்தது. மருத்துவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "கருப்பைவாய்ப் புற்றுநோய். மூணாவது கட்டம்" என்றார்.

"மூணுன்னா, எத்தனைக்கு மூணு?" என்று அக்கா கேட்டாள்.

மருத்துவர் ஸ்கேனைக் கீழே வைத்தார். "நாலுக்கு, ம்மா."

"அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்ல" என்றாள் அக்கா. அவள் சிரித்தாளா என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது. கதிர்வீச்சும், கூடவே மருந்தும் என்று முடிவு செய்தார்கள். தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோக அவளால் முடியவில்லை. எஸ்தரின் தொண்டு நிறுவனம் மதுரையை ஒட்டிய ஆனையூரில் நோயாளிகள் தங்க ஒரு வீடு நடத்தியது. மதுரை ஜவுளி வியாபாரிகள் சிலர் சேர்ந்து தந்த வீடு. அங்கே ஓர் அறை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டிருப்போம். மில் அதிகாரி என் விடுமுறைக்கு மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்காவுக்கு லிஃப்ட் என்றால் பயம். கதிர்வீச்சால் வயிறு எரிய எரிய ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினாள். உள்கதிர் சிகிச்சை (கருப்பைக்குள்ளேயே குழாய் வைத்துக் கதிர் செலுத்துவது) அன்று ஸ்ட்ரெச்சரில் லிஃப்டுக்குள் தள்ளினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் விரல்களை நெரித்தாள். அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு சில மாதங்கள் நன்றாக இருந்தாள். தலைக்குக் குளித்தாள், சண்டை போட்டாள். எல்லாம் தீர்ந்தது என்று நம்பினோம். அந்த மாதங்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

அப்புறம் கால் வீங்கியது. சிறுநீர் குறைந்தது. கட்டி திரும்ப வளர்ந்து சிறுநீர்க்குழாய்களை (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களை) அடைத்துவிட்டது என்றார்கள். "இனி வலி இல்லாமப் பாத்துக்கலாம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மருத்துவர்.

வலி தணிக்கும் மருந்தோடு எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். அப்படி வந்த ஒரு நாள் அக்கா அவரிடம் கேட்டாள்.

"ஏந்தாயி, இம்புட்டுத் தூரம் இப்ப வாரியே. அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?"

எஸ்தர் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் வீங்கிய பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சும்மா கேட்டேன். அழுகாத" என்று அக்காதான் தேற்றினாள்.

ஒரு பிற்பகலில், நான் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா விழுங்குவதை நிறுத்தினாள்.

சில மாதங்கள் கழித்து மதுரையில் ஒரு ஹோட்டல் அரங்கில் கூட்டம் நடந்தது. நிதி தந்த நிறுவனத்தாரும் மில்காரர்களும் தொண்டு நிறுவனத்தாரும் வந்திருந்தார்கள். நோய் குணமான பெண் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் என்னைப் பற்றிப் பேசவில்லை.

"கேட்டுக்கு உள்ள ஒரு உடம்பு. வெளிய ஒரு உடம்பு. ரெண்டும் ஒரு வயித்துல பொறந்தது. உள்ள இருந்தது பொழச்சிருச்சு" என்றேன். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கூட்டம் முடிந்து மில் அதிகாரி அருகில் வந்தார். "அம்மா, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க விதியத்தான் சொன்னீங்க சார். அந்த விதிய மாத்தச் சொல்லுங்க" என்றேன்.

அவர் மேலிடத்தில் பேசினார். எஸ்தரின் அமைப்பும் விடவில்லை. அடுத்த முகாம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. சுற்றுவட்டாரப் பெண்களை ஏற்றிவர மில் தன் பஸ்ஸை அனுப்பியது. வெளிநாட்டு நிறுவனத்திடமும் மில்லிடமும் பணமும் வாகனமும் இருந்தன. தொண்டு அமைப்புக்கு வீடு வீடாகப் போய்ப் பேசத் தெரிந்திருந்தது. இரு தரப்பும் முதலிலேயே இப்படிச் சேர்ந்திருக்கலாம். சேர முடியும் என்பதை இப்போது என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்காவோடு கரும்பு வெட்டியவள் ஒருத்திக்கு எனக்கிருந்தது போலவே வெளுத்திருந்தது. சுட்டு அனுப்பினார்கள். "அம்புட்டுதேனா?" என்று கேட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள். நான் கூடத்தின் பின்பக்கம் போய் நின்று அழுதேன்.

மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் பட்டாலோ, கணவனோடு சேர்ந்தபின் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளை போனாலோ, வயதின்மேல் பழி போடாதீர்கள். போய்க் காட்டுங்கள். ஒன்றும் இல்லாதவர்களும் காட்டுங்கள். எனக்கும் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது.

இந்த வருடம் எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. இத்தனை காலம் மாதங்களை உடம்பே எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது நாட்கள் அடையாளம் இல்லாமல் நீளமாகப் போகின்றன. காலையில் எழுந்ததும் சேலையைத் திருப்பிப் பார்க்கிறேன், சுத்தமாக இருக்கிறது. நிற்கிற வயது இப்படித்தான் சத்தமில்லாமல் வரும் போலிருக்கிறது. இதைச் சொல்வதற்கு அக்கா ஒருத்திதான் எனக்கு இருந்தாள்.