பெட்டிக்கு அடியில் ஓதமா, நிழலா?

வெள்ளைப் பெட்டி ஒன்றின் அடியில் இருக்கும் சாம்பல் நிறம் எப்போது நிழலாகத் தெரியும், எப்போது ஈரக்கறையாகத் தெரியும்? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்காக வலைப்பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். மகள் பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை. சாரல் சீசன் தொடங்குவதற்குள் பக்கம் வெளியாக வேண்டும். பிடித்திருந்தால் மற்ற லாட்ஜ்காரர்களிடமும் என்னைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பக்கத்தில் லாட்ஜின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. மேலே படம், கீழே விவரம். மூலைகளை வளைக்க, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் பார்டர் ரேடியஸ் என்று ஒரு வரி போதும். எழுதினேன். பெட்டியின் கீழ் மூலைகள் வளைந்தன. மேலே மட்டும் படம் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே நீட்டுவதை மறைக்க ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று எழுத வேண்டும். அதைப் பெட்டிக்கு எழுதாமல், பெட்டிகளைச் சுற்றியுள்ள வெளிச்சட்டத்துக்கு எழுதிவிட்டேன். படம் அப்படியே நின்றது. பெட்டிகளுக்கு அடியில் நான் ஆசையாகப் போட்ட நிழல்தான் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போனது. மடியிலிருந்த மகள் எதையாவது தட்டிவிட்டாளோ என்று முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஒருவழியாகச் சரிசெய்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மூலைய வளைச்சிருக்கது நல்லாருக்கும்மா. அடியில என்னது, சுவத்துல ஓதம் ஏறுன மாதிரில்லா இருக்கு?"

"அது நிழல் அண்ணாச்சி. பெட்டி கொஞ்சம் எடுப்பாத் தெரியும்."

"நிழலா? சாரல் நேரத்துல இங்கன வெயில் எங்க கெடக்கு, நிழல் விழ? ரூம் கேட்டு வாறவங்க முதல்ல சுவத்தத்தான் தடவிப் பாக்காங்க. நான் இப்பதான் வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். நீ அதுல ஓதம் ஏத்துதியே!"

நிழலின் நிறத்தைக் குறைத்து, இன்னும் அகலமாகப் பரவவிட்டேன். அது முன்னைவிட அதிகமாக ஓதம் போல ஆனது. ஓதம் ஏறியிருக்கும் எங்கள் குளியலறைச் சுவரைப் போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது சரிதான் என்று தோன்றியது. அதன் பிறகு எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும் நிழல் என் கண்ணுக்கு நிழலாகத் தெரியவில்லை.

நிழலை எடுத்துவிட்டால் வெள்ளைப் பெட்டி வெள்ளைப் பக்கத்தோடு கலந்துவிடுகிறது. மெல்லிய கறுப்புக் கோடு போட்டு அனுப்பினேன்.

"இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கே தாயி. லாட்ஜுக்கு ஆள் வரணுமா, வேண்டாமா?"

அவர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. பின்னணியை இளம்பச்சையாக மாற்றிப் பார்த்தேன். பாசி பிடித்திருக்கிறது என்பாரோ என்று பயந்து, அதை அனுப்பவே இல்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவரிடம் இலேசான நிழல் உள்ளதையும் இல்லாததையும் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். "எதுல நிழல் இருக்கு?"

இவ்வளவு பாடுபட்டது யார் கண்ணுக்குமே தெரியவில்லையா, அல்லது அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரிகிறதா? அவர் பேச்சைக் கேட்டு நிழலை எடுத்தால், பக்கம் சப்பென்று இருப்பதற்கும் நான்தானே பொறுப்பு?

கடைசியில் அண்ணாச்சி, "நாளைக்குள்ள நீயே ஒண்ண முடிவு பண்ணிப் போட்டுரும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

சாரல் நேரத்தில் பஸ்ஸில் வந்துகொண்டே போனில் அறை தேடியிருப்பவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். ஓரம் வளைந்த வெள்ளைப் பெட்டியின் கீழ் இலேசான சாம்பல் நிறத்தைக் கண்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? நிழலை வைக்கவா, எடுக்கவா? தயவுசெய்து சொல்லுங்கள்.