சீமோன் அண்ணையின் கடிதங்கள்

கனடாவில், மோர்னிங்சைட் பிளாசாவில் இருந்த சீமோனின் மீன்கடைக்குப் போனவர்களில் பாதிப்பேர் மீன் வாங்கப் போகவில்லை. ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை வாசிப்பிக்கவும், வாடகை வீட்டுக்காரனோடு கதைக்கச் சொல்லவும் போனார்கள். ஒரு பனிக்காலம், யாருமில்லாமல் இறந்துபோன ஒருவரின் உடலைப் பொறுப்பெடுக்க ஆளில்லை என்றபோது, மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டவர் அவர். அன்றைக்குத் தொடங்கியது அவருடைய பெரியமனிதத்தனம். பிறகு ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர், வியாபாரிகள் சங்கத்துக்கும் தலைவர். தேர்தல் வந்தால் நகரசபை ஆட்கள் மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டு வந்து கைகொடுத்தார்கள்.

"அண்ணை இனி மேயர்தான். எனக்கு ஓசியில பார்க்கிங் தரவேணும்," என்பான் பக்கத்துச் சலூன் பஸ்ரியன்.

"முதல்ல உன்ர வாயைக் கொண்டுபோய் பார்க் பண்ணு."

தலைவர் என்றால் சீல் வேண்டும். செய்வித்தார். அகதி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு, இவர் எங்கள் ஊரார் என்று கடிதம் எழுதிக் குத்திக் கொடுத்தார்.

தொண்ணூற்றாறில் அருள்மலர் வந்தாள். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. எந்த ஊர் என்று காட்டுகிற தாள்கள் எல்லாம் அங்கே வீட்டோடு எரிந்துபோயின.

"எந்த இடம் பிள்ளை?"

"பேசாலை, அண்ணை."

கோயில், பெருநாள், கடற்கரை என்று நாலு கேள்வி கேட்டார். எல்லாம் சரியாக வந்தது. பேசாலை இருக்கிற அதே மன்னாரில் பிறந்த அவருக்கு அது போதும். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார்: அருள்மலர் என் தங்கச்சி, சிறுவயதிலிருந்து தெரியும். தன்னைவிட இளையவளை வேறு எப்படிச் சொல்வது என்று அவர் யோசிக்கவேயில்லை.

விசாரணையில் அதிகாரி கடிதத்தையும் அவள் நிரப்பிய படிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கனடாவில் சகோதரர் இல்லை என்று படிவத்தில் இருந்தது.

"இவர் யார்?"

"எங்கட அண்ணை," என்றாள் அருள்மலர்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை என்று அவள் பதறிச் சொன்னபோது, அதிகாரிக்கு அது பொய்யை மறைக்கும் பொய்யாகப் பட்டது.

அவளுக்காக வாதாடிய லோயர், சீமோனுக்குப் போன் எடுத்தார். வியாழக்கிழமை வந்து, அவள் சகோதரி இல்லை என்று சாட்சி சொல்லவேண்டும் என்றார்.

மனைவி கிளடிஸ் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். "போகாதேங்கோ. நீங்கள் எழுதிக்குடுத்த இன்னும் பதினொரு பேற்ற கடிதம் அங்க கிடக்குது. உங்களைப் பொய்யன் எண்டால் அவங்கள் எல்லாரும் பொய்யர்தானே?"

"போகாட்டி இந்தப் பிள்ளையைத் திரும்ப ஊருக்கு ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

"போனால் மட்டும்?"

அவர் போனார். பைபிளில் கைவைத்தார். அருள்மலர் எதிரில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அவள் உடன்பிறந்தவள் இல்லை, ஊர் வழக்கத்தில் அப்படி எழுதியது என்று சொன்னார். அதிகாரி தலையாட்டினார். சீமோனுக்கு மூச்சு வந்தது.

"அப்படியானால் இவரை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?"

சீமோனுக்குப் பதினொரு பேரும் வரிசையாக நினைவில் வந்தார்கள். பைபிள் மேசையில் கிடந்தது.

"இந்த வருசம் மாசியில. என்ர கடையில."

அதிகாரி நெடுநேரம் எழுதினார்.

ஆறு வாரத்துக்குள் கடிதம் வாங்கியவர்களில் நாலு பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, அருள்மலர் உடைக்காத கடித உறையோடு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுக்கும் வாசிப்பிக்க அந்தக் கடைதான் இருந்தது.

சீமோன் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்துக்குப் போனார்.

"ஓமோ இல்லையோ, அண்ணை?"

"இல்லையாம்."

"என்னத்துக்காம்?"

வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள். கிளடிஸ் தராசைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"பேசாலை எண்டதுக்கு வேற ஒரு சாட்சியும் இல்லையாம். கடிதம் எழுதின ஆள் நம்பத்தக்கவர் இல்லையாம்."

"ஆர், நீங்களோ?"

"ஓம் பிள்ளை."

அவள் கையை நீட்டித் தாளை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"மூண்டு மணிக்கு எனக்கு வேலை," என்றாள். "அப்ப நான் இண்டைக்குப் போகலாமோ, அண்ணை? இல்லை, இப்பவே வேலையை நிப்பாட்டிப்போடுவாங்களோ?"

சீமோன் கண்ணாடியை மறுபடி சரிசெய்து, அந்தத் தாளை இன்னொருமுறை தரச்சொல்லிக் கையை நீட்டினார்.