விமானத்துக்குச் செருப்பு

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இறக்கைகளுக்கு அடியில் கொடுத்து ரிமோட் விமானத்தைத் தூக்கிப் பார்க்கிறார் அவர். மூக்கு லேசாகத் தாழ்கிறது. "தலக்கனம் இன்னும் போகலடி உனக்கு" என்று அதைத் திட்டிவிட்டு, பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறார். மறுபடி தூக்குகிறார். இப்போது தராசு முள்போல நிற்கிறது.

அவர் தொழில், பல்செட் கட்டுவது. முகம் தெரியாத வாய்களின் அச்சுகள் அவரிடம் வரும்; பல்வரிசையாகத் திரும்பிப் போகும். பல்லை ராவும் சின்ன அரத்தால்தான் விமானத்தின் கம்பிகளையும் ராவுவார். நகக்கண்ணில் எப்போதும் ஈறு நிறத்தில் தூள் இருக்கும். அந்த விரலோடுதான் சாப்பிட உட்காருவார், மனைவியிடம் அதட்டல் வாங்குவார், எழுந்துபோய்க் கழுவுவார்.

சக்கரங்களைக் கழற்றி மிதவைகளைப் பூட்டினால், ரிமோட் விமானம் தண்ணீரிலிருந்தே கிளம்பி, தண்ணீரிலேயே இறங்கும். மிதவைகளை அவர் 'செருப்பு' என்பார்.

"மனுஷன் செருப்பு வாரறுந்து கெடக்கு. விமானத்துக்கு ஜோடி ஜோடியா தைக்கிறாரு" என்பார் மனைவி.

முதல் இரண்டு விமானங்களும் ஏரியில் குப்புற விழுந்தன. மிதவைகளைப் பின்தள்ளிப் பூட்டியது தப்பு. முன்னால் தாங்கல் இல்லாமல், வேகம் கொடுத்ததும் மூக்கு நீருக்குள் போய்விட்டது. "கையில உக்கார்ற பல்லு வாயிலயும் உக்காரணும்ல" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. அவருடைய தையல் மெஷின் நடைவழியில் கிடக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் முட்டியை இடித்துக்கொள்கிறார்கள். உள்ளறை முழுக்க இவர் விமானம் செய்யும் மேசை.

"இந்த மூணாவதும் சொதப்பிச்சுன்னா மேச வெளிய, மெஷின் உள்ள. சரிதானே?"

சரி என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த மேசை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை மனைவியும் ஏரிக்கு வந்தார். "முங்குறத கண்ணால பாத்தாதான் எனக்கு நிம்மதி."

இந்த முறை மிதவைகளின் முனை, மூக்கில் சுழலும் காற்றாடியைத் தாண்டி நீண்டிருந்தது. விமானம் கவிழவில்லை. எழும்பவும் இல்லை. நீரைச் சீறியடித்துக்கொண்டு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, படகு செஞ்சுட்டீங்களா?"

"காத்தே இல்ல பாரு. தண்ணி கண்ணாடி மாதிரி கெடந்தா அடியில ஒட்டிக்கும், விடாது. கொஞ்சம் அலையடிச்சா கெளம்பிடும். பேட்டரி இன்னும் ஒரு தடவதான் தாங்கும்."

விமானத்தைக் கரைக்கு வரவைத்து, சட்டை நுனியால் மிதவைகளைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அதைப் பார்த்த மனைவி, விமானம் கவிழ்ந்தால் எடுத்துவர இரவல் வாங்கி வைத்திருந்த சின்னப் படகில் ஏறி, துடுப்பை எடுத்து, ஏரியைக் குழம்புச்சட்டிபோலக் கலக்கத் தொடங்கினார்.

"போதுமா?"

"போதும் போதும்! ஓரமா போ!"

"நான் வெலகிக்குவேன். நீங்க மொதல்ல விடுங்க!"

விமானம் அலைகளின்மேல் தடதடவென்று ஓடியது. ஒரு மிதவை விடுபட்டது, பிறகு மற்றது. நீர் சொட்டச் சொட்ட மேலே ஏறி, ஏரியை ஒரு வட்டம் சுற்றியது. இறங்கும்போது ஒருமுறை துள்ளி, பிறகு அமர்ந்தது.

"மேச இருக்கட்டும்" என்று நடு ஏரியிலிருந்து குரல் வந்தது. "ஆனா பாதி ரூம்தான்!"

அவர் தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த விமானத்தை, நீரிலேயே மெல்லத் திருப்பினார். அது நேராகப் படகை நோக்கிப் போனது. மனைவியின் கைக்கெட்டும் தூரத்தில் காற்றாடியை நிறுத்தினார்.