கழுத்தில் இல்லாத சங்கிலி

முதல் பினாங்குப் பாலம் திறந்த வருடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் பிளாட்டில் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்துப் பாலம் பார்க்கப் போனோம். போகும்போது நல்ல வெயில். திரும்பும்போது கொட்டும் மழை, வேன் பாலத்திலேயே நின்றுவிட்டது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்த வருடம்தான் மச்சான், அதாவது அக்காவின் கணவர், தவறிப்போனார். மூன்று பிள்ளைகளோடு அக்கா தனியாக நின்றார்.

எனக்கு எழுதப் படிக்க வராது. இந்த நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்ல அக்காவின் மகள் எழுதுகிறாள். நடுநடுவே நிறுத்திவிடுகிறாள். நானும் காத்திருக்கிறேன்.

நாங்கள் பிறந்தது பத்து காவான் என்ற தோட்டத்தில். போன வருடத்துக்கு முந்தின வருடம் காரில் அந்தப் பக்கம் போனபோது, எங்கள் லயத்து வீடு இருந்த இடத்தை அக்காவாலும் காட்ட முடியவில்லை. எல்லாம் பேக்டரி. கல்யாணமாகி அவர் வந்தது ஆயர் ஈத்தாமுக்கு. மச்சான் போன பிறகு பாயான் லெப்பாசில் வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன்னே பேக்டரி பஸ். சம்பளம் வந்த அன்றே வாடகை, அரிசி, பள்ளிச் செலவு என்று பிரித்து வைத்துவிடுவார். மீன் வாங்குவது பாசார் கலையும் நேரத்தில்தான். அப்போதுதான் விலை இறங்கும்.

"அம்மா, மீன் கண்ணு செவந்து கெடக்குலா," என்பான் பெரியவன்.

"அதுவும் ஒன்ன மாதிரி தூங்காம டிவி பாத்திருக்கும். சாப்புடு."

அந்தச் சங்கிலிக்கு வருகிறேன். கல்யாணத்தில் எங்கள் அம்மா போட்டு அனுப்பிய மூன்று பவுன் சங்கிலி. அக்காவிடம் இருந்த ஒரே சொத்து. அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. கழுத்தில் சங்கிலியைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் கைமாற்றுக் கேட்டு வந்துவிடுவார்கள். அதனால் அக்கா சங்கிலியை அடகுக் கடையில் வைத்துவிட்டார். பணத்துக்காக இல்லை, பத்திரத்துக்காக. ஒரு முறை நானும் கூடப் போனேன்.

"ஆச்சி, இவ்ளோ பெரிய சங்கிலிக்கு நூறு வெள்ளி போதுமா? கூட எடுத்துக்கலாம்லா," என்றார் கடைக்காரச் சீனர்.

"கூட எடுத்தா வட்டி யாரு கட்டுவா, நீயா தவுக்கே?"

முதலாளி சிரித்துவிட்டார். குறைவாக வாங்கினால் வட்டியும் குறைவு. அதைப் பூட்டுக் கூலி என்பார் அக்கா. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போய் வட்டி கட்டித் தவணையைப் புதுப்பிப்பார். பிள்ளைகள் படிப்புக்குப் பணம் வேண்டி வந்தபோது மட்டும் அதே சங்கிலிமேல் கூடுதலாக வாங்கி, ஓவர்டைம் செய்து அடைத்து, மறுபடி நூறு வெள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். மூன்று பேரும் படித்தது அப்படித்தான்.

ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்னக்கா, ஒங்க கழுத்து இன்னும் கடையிலதானா?"

"அங்க இருந்தாத்தான் என் கழுத்துக்கு நிம்மதிடி," என்றார் அக்கா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று வீடு வரும்வரை முந்தானையால் கழுத்தை மூடியபடியே வந்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆசை. சங்கிலியை மீட்டு, உருக்கி, மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக ஆளுக்கொரு மோதிரம் செய்து தன் கையால் போட வேண்டும். "தீவாளிக்கு மீட்டுருவேன் தம்பி," என்று என்னிடம் சொன்னார். தீபாவளிக்கு முன்பே பக்கவாதம் வந்து வாய் அடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அடிக்கடி இடது கையைத் தூக்கிக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். தாகம் என்று நினைத்தோம். மகள் கரண்டியால் தண்ணீர் கொடுப்பாள். குடிப்பார். மறுபடியும் கழுத்தைத் தொடுவார். சங்கிலி அடகில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தவணை முடியும் நாள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கருமாதி முடிந்து கடைக்குப் போனோம். தவணை கடந்திருந்தது. பெரிய தொகைக்கு வைத்த நகை என்றால் ஏலத்துக்குப் போகுமாம், மிச்சம் ஏதாவது கைக்கு வருமாம். சின்னத் தொகைக்கு வைத்தது கடைக்கே சொந்தமாகிவிடுமாம். சட்டமே அப்படித்தானாம். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அக்கா வட்டியை மிச்சம் பிடிக்க நூறு வெள்ளியோடு நிறுத்தியதுதான் சங்கிலியைக் கொண்டுபோய்விட்டது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் மகள் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, அம்மா தண்ணி கேக்கலலா," என்றாள்.

அக்காவைத் தூக்கிவிட்ட ஆஸ்பத்திரித் தாதிகளுக்கும், பதினாறு நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், இன்று அக்காவின் நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மலரை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அக்காவைப் போல நகையைப் பத்திரத்துக்கு வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், தவணை நாளைக் கேட்டு வையுங்கள். நோயில் படுத்தவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினால் தண்ணீர் கொடுங்கள். குடித்த பிறகும் தொட்டால், வேறு என்ன என்று கேளுங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.