படிக்கப்பட்ட பெயர்

முப்பத்து நான்கு வருஷம் ஒரே தேவாலயத்தில் மணி அடித்தவர் அவர். ஊர் முழுக்க அவருக்கு மணிக்காரர் என்றே பேர். நாற்காலி போடுவது, விளக்கைத் துடைப்பது, தாமதமாக வருகிறவர்களுக்கு ஓசைப்படாமல் கதவைத் திறந்துவிடுவது எல்லாம் அவர்தான். ஆனால் மற்ற வேலைகளைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை, மணியைப் பற்றித்தான் பெருமை. அவர் கைக்கடிகாரம் ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது. ஊரில் பாதிப் பேர் அவர் மணி கேட்டுத்தான் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்து ஒரு வருஷம் நிறைகிற ஞாயிறன்று போதகர் அவர் பெயரைப் படிப்பார். சொந்தக்காரர்கள் இருந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். மணி ஒரே ஒரு முறை அடிக்கும். எத்தனையோ பேருக்கு அந்த ஒற்றை மணியை அடித்த மனுஷர், தன் மனைவியின் முறை வரும்போது கடலில் இருந்தார்.

எல்லாம் அக்காவின் ஏற்பாடு. அத்தானுக்கு வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கப்பலில் பத்து நாள் சுற்றினால் மனசு தெளியும் என்று யாரோ அக்காவின் காதில் ஓதியிருந்தார்கள். சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டுமே! அதை அப்படிச் சொல்லாமல், "நீயும் பொண்டாட்டி போனதுலேருந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குற, கூட வாடா" என்று தேனொழுகக் கூப்பிட்டாள்.

"அந்த ஞாயிறு நான் கோயில்ல இருக்கணும்க்கா" என்று இவர் தயங்கினார்.

"கப்பல்லயும் ஞாயித்துக்கிழமை ஆராதனை உண்டுடா, நான் விசாரிச்சுட்டேன். அங்க அவ பேரப் படிக்கச் சொல்லு. நானும் அத்தானும் உன்கூடவே எந்திரிச்சு நிக்குறோம், போதுமா?"

அந்த வார்த்தைக்காகத்தான் அவர் கப்பல் ஏறினார். அக்கா சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருக்கும்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் கடல் தெரிகிற மேல்தட்டு அறை. இவருக்கு அடித்தட்டில், ஜன்னலே இல்லாத ஒன்று. விளக்கை அணைத்தால் பகலும் ஒன்று, ராத்திரியும் ஒன்று. காலை ஏழு மணிக்கு மேலே போய் அத்தானைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தார். சாப்பாட்டு மேஜையில் மட்டும் அவருக்கு இடமில்லை. அக்காவுக்கு ஒரு டாக்டரம்மாவின் சிநேகிதம் கிடைத்திருந்தது, இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "நீ அப்புறமா நிதானமா சாப்பிடுடா" என்பாள். இவரும் நிதானமாகவே சாப்பிட்டார்.

பயணிகளில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இருந்தார். ஞாயிறு ஆராதனையை அவர்தான் நடத்தப் போகிறார் என்று தெரிந்ததும் மணிக்காரர் ஒரு சீட்டில் மனைவியின் பெயரை முத்து முத்தாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். போதகர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் அறைக் கதவில் ஓர் அட்டை செருகியிருந்தது. கப்பல்காரர்களின் மொழி அவருக்கு வாசிக்கத் தெரியாது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"நாளைக்குச் சாப்பாடு என்னென்னன்னு போட்டிருக்கான், வேற ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலையில நீ இங்க வர வேண்டாம்டா. அத்தானக் கப்பல் ஆளு பாத்துக்குவான். குளிச்சிட்டு நேரா ஒம்பது மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு."

அக்காவுக்குத்தான் நம் மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்தபடி அவர் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கால் மணி முன்னதாகவே மண்டபத்துக்குப் போனார். பணியாளர்கள் இருவர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கை சும்மா இருக்குமா? அவரும் சேர்ந்து போட்டார். வரிசை கோணியிருந்ததைக் கண்ணால் அளந்து நேராக்கினார். முன்வரிசையில் ஓரமாகச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டார். பக்கத்து நாற்காலியில் அக்காவுக்காகத் தன் கைக்குட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எழுந்து நிற்கும்போது சட்டை கசங்கியிருக்கக் கூடாது, அதுதான் அவர் கவலை.

ஜனங்கள் திமுதிமுவென்று வந்தார்கள். இத்தனை பேர் முன்னால் அவள் பெயர் ஒலிக்கப் போகிறது என்று நினைத்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. வந்தவர்கள் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது. பிறகு பளபளக்கிற சட்டை போட்ட பெண் ஒருத்தி மேடைக்கு ஒரு கம்பிக் கூண்டை உருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே எண் எழுதிய பந்துகள். கூட்டம் கைதட்டியது.

கைக்குட்டையை நகர்த்திவிட்டு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னப்பா, உங்கம்மா உன்னையும் பிங்கோ விளையாட அனுப்பிட்டாங்களா?"

"ஆராதனைக்கு வந்தேம்மா. ஒம்பதுக்குத்தானே?"

"அது முடிஞ்சு அரை மணி ஆச்சே! இப்ப மணி பத்து. நேத்து ராத்திரி கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைங்கன்னு ரூமுக்கு ரூம் அட்டை வச்சாங்களே, பாக்கலயா? உன்கிட்ட சொல்லச் சொல்லி உங்கம்மாகிட்ட நானே ஞாபகப்படுத்தினேனே."

"எந்த அம்மா?"

"நீ வேலை பாக்குற வீட்டம்மாதான். நல்ல ஆள் கிடைச்சிருக்கான்னு உன்னப் பத்தி எப்பவும் பெருமையாச் சொல்வாங்க."

மணிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது. வாழ்க்கையில் முதல் முறையாக அது பொய் சொன்னது.

டாக்டரம்மா பேசிக்கொண்டே போனாள். "போதகர் ஒரு பேரு படிச்சாருப்பா. செத்து ஒரு வருஷமாம். சொந்தக்காரங்க எந்திரிங்கன்னு ரெண்டு தடவை கேட்டாரு. ஒருத்தரும் எந்திரிக்கல. யாரு பெத்த பொண்ணோ, பாவம். அந்த நேரம் பாத்து உங்க ஐயா ஆ, ஆன்னு கத்திக்கிட்டு, இடது கையாலயே நாற்காலியப் புடிச்சு எந்திரிக்கப் பாத்தாரு. பாத்ரூம் போகணும்போல. உங்கம்மா தோளப் புடிச்சு அமுக்கி உக்கார வச்சாங்க. நீ கூட இருந்திருக்கணும்ல? அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தது?"

மேடையில் பளபளப்புச் சட்டைக்காரி முதல் எண்ணைக் கூவினாள். டாக்டரம்மா குனிந்து தன் அட்டையில் தேடத் தொடங்கினாள்.

அவர் மேலே போனார். அக்கா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? அத்தான் சட்டையெல்லாம் ஒரே எச்சி. மாத்தி விடு."

"ஏங்க்கா எந்திரிக்கல?"

சீப்பு நிற்கவில்லை. "எந்திரிச்சா செத்தவ திரும்பி வரப்போறாளா? நீ வந்து என் பக்கத்துல நின்னு அக்கா அக்கான்னா, அந்த டாக்டரம்மா முன்னாடி என் மூஞ்சிய எங்கடா வச்சுக்குறது? மணியடிக்கிறவன் என் தம்பின்னா? ஊருக்குப் போய் இன்னொரு ஞாயிறு படிக்கச் சொல்லிக்கோ."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வந்து என்ன செய்ய? சுற்றிலும் தண்ணீர், கரை சேர இன்னும் நான்கு நாள்.

அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். படுக்கையில் விழுந்த புதிதில் மூன்று மாசம் அவருக்குக் கஞ்சி ஊட்டியது மணிக்காரரின் மனைவிதான். அக்காவுக்கு அப்போது வாடை ஒத்துக்கொள்ளவில்லை.

மணிக்காரர் மண்டியிட்டு அத்தானின் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடது தோளில் நான்கு நகங்கள் பதிந்திருந்தன. இரண்டில் ரத்தம் கட்டியிருந்தது.