நான் எழுந்து போன நாலு ஆட்டங்கள்

இணையத்தில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறவர்களின் பெயருக்குக் கீழே அவரவர் தரம் எழுதியிருக்கும்: தொடக்கநிலை, நடுத்தரம், தேர்ந்தவர், நிபுணர், உலகத்தரம். யாரும் பரீட்சை வைத்துக் கொடுப்பதில்லை. சேரும்போது நாமே ஒன்றைத் தொட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். நான் ‘நிபுணர்’ என்பதைத் தொட்டேன். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் ஹாஸ்டலில் பாடத்தைவிட பிரிட்ஜ்தான் அதிகம் படித்தேன். கல்லூரிப் போட்டியில் ஒரு கோப்பைகூட வாங்கினோம். பிறகு வேறு எதைத் தொடுவது?

மற்றவர்கள் தொட்டதை மட்டும் நம்பமாட்டேன். பிரிட்ஜுக்கு நாலு பேர், எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் ஜோடியாக வந்து உட்கார்ந்தால் ஆறே ஆட்டத்தில் எடைபோட்டுவிடுவேன். உலகத்தரம் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு படி இறக்கலாம். தோற்ற மறுநொடியே நமக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தால் இன்னொரு படி. இந்தக் கணக்கு எனக்கு அநேகமாகத் தப்பியதில்லை. இடுக்கியிலிருந்து ஆடும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான்.

அவள் பெயருக்குக் கீழே ‘தொடக்கநிலை’ என்று இருந்தது. பொய் என்று மூன்றாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. எதிராளியின் கையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள்போல ஆடினாள். தேயிலை எஸ்டேட் ஒன்றின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற வேலை. பதினொரு மணிக்கு மேல் அங்கே கூட்டம் இருக்காது. எனக்குப் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஒன்றரை வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஆடினோம். ஹாஸ்டல் தோழிகளிடம் அவளைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. விட்டால் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவள் வேறு மேஜையில் ஆடுவது பட்டியலில் தெரிந்தால் நானும் அங்கே போய் வேடிக்கை பார்ப்பேன். அவளுக்கு எதிரில் இருக்கிற ஆள் தப்பாக ஒரு சீட்டைப் போட்டால், அன்றைக்கு மதியச் சோறு நன்றாக இறங்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு ஜோடிப் போட்டி அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்க. அவளோடு ஆட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. போனில் கேட்டேன்.

“பாப்போம்க்கா, யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

என் கணவர் பிரிட்ஜ் ஆடுகிறவர் இல்லை. தென்னையும் நெல்லும் நாலு மாடும் பார்க்கிறவர். ஊர்ப் படிப்பகத்தை நாங்கள் வாயனசாலை என்போம். ஞாயிறு மதியம் அதன் பின்பக்கம் ‘ஐம்பத்தாறு’ ஆடப் போவார். ஆறு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடும் சீட்டாட்டம் அது. அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரியது. அடுத்தது ஒன்பது. ஆஸ் அதற்கும் கீழே. தோற்றவர் காதில் ‘குணுக்கு’ மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். துணிக் கிளிப்போ பலா இலையோ, கைக்குக் கிடைத்தது.

கல்யாணமான புதிதில் என் தோழிகள் இருவர் வந்திருந்தபோது அவரையும் பிரிட்ஜுக்கு உட்கார வைத்தேன். எதிராளியின் ஆஸ் மேல் ஜாக்கியைப் போட்டு, சீட்டை அள்ளக் கை நீட்டினார்.

“மாமா, அது ஆஸுங்க. இதுல ஆஸுதானுங்க பெருசு.”

“ஜாக்கிக்கு மேல ஒருத்தனா? என்ன அம்மிணி அக்குறும்பா இருக்குது!”

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அன்றைக்கே அவருக்குத் தொடக்கநிலை என்று மனதில் முத்திரை குத்திவிட்டேன். அதற்குப் பிறகு நாலைந்து தடவை உட்கார வைத்திருப்பேன், அதுவும் விளையாட்டுக்கு.

போட்டிக்கு நாலு நாள் முன்பு அவளோடு ஆடிக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. பாதியில் எழுந்தால் ஜோடி அந்தரத்தில் நிற்பாள். வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வந்த இவர் சோற்றுக்காகக் காத்திருந்தார்.

“மாமா, இங்க வந்து சீட்டைப் போட்டுட்டே இருங்க. ஆஸுதான் பெருசு, மறந்தறாதீங்க.”

“செரி செரி, நீ போ.”

அரை மணி கழித்து வந்தேன். நாலு ஆட்டம் முடிந்திருந்தது. இவரைக் காணோம், மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தார். திரையில் அவள் எழுதியிருந்தாள்:

“அக்கா, கடைசி நாலு ஆட்டம் நீங்க ஆடுன மாதிரியே இல்ல. அவ்ளோ நல்லா இருந்துச்சு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்துருதேன். நாம ரெண்டு பேரும் ஆடுவோம்.”

கடைசி வரி இனித்தது. முதல் வரி உள்ளே இறங்கக் கொஞ்ச நேரமானது. ‘நன்றிப்பா’ என்று தட்டினேன். உண்மையைச் சொல்லவில்லை.

“அந்த டயமண்ட் ஆஸை ரெண்டு தடவ விட்டுக்கொடுத்து மூணாவதுல எடுத்தீங்களே, எப்படிக்கா தெரிஞ்சுச்சு?”

‘ஒரு யூகம்தான்’ என்று தட்டிவிட்டு மூடினேன்.

சாயங்காலம் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தவரிடம் ஒன்றும் தெரியாததுபோலக் கேட்டேன். “அந்த டயமண்ட் ஆஸை ஏனுங்க மாமா ஒடனே எடுக்கல?”

“அந்தப் புள்ள மொதல்ல எட்டப் போட்டுது, அப்பறம் மூணப் போட்டுது. பெருசப் போட்டுட்டுச் சின்னதப் போட்டா, எங்கிட்ட ரெண்டுதான் இருக்குதுன்னு சொல்லுது. அப்ப ஆடறவன் கையில மூணு. அதையும் போட்டு முடிக்கட்டும்னு விட்டேன். அவனோட ஜோடி மேசைல விரிச்சு வெச்ச கையில டயமண்டு மிச்சம் கெடந்துது. தன் கையில டயமண்டு ஒண்ணுமில்லாம அவன் அங்க எப்படிப் போவான்?”

“இதெல்லாம் ஆருங்க சொல்லிக்குடுத்தது?”

“ஆரு சொல்லோணும்? ஐம்பத்தாறுல வாயில சொல்லக்கூடாததைச் சீட்டுலதான சொல்லோணும். கேக்கத் தெரியாதவனுக்குக் குணுக்குத்தான்.”

நான் உள்ளே போய்ப் பழைய ஆட்டங்களைத் திறந்தேன். தளத்தில் எல்லாம் பத்திரமாக இருந்தது. அவள் ஏழைப் போட்டு நாலைப் போட்டிருந்தாள். ஒன்பதைப் போட்டு இரண்டைப் போட்டிருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் முதல் சுற்றிலேயே ஆஸை ஓங்கி அடித்திருந்தேன். ஒன்றரை வருஷமாக எனக்கு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே அடுக்கி வைத்திருக்கிறேன். இவர் வந்த அரை மணியில் ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டார்.

அன்றிரவு இவர் சாப்பிடும் சத்தம்கூட எனக்கு ஆகவில்லை.

அடுத்த இரண்டு நாளும் ஒரே யோசனை. ஞாயிற்றுக்கிழமை இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு ஆடினால் என்ன? அது கள்ளாட்டம் என்று தெரியும். தெரிந்தும், எந்த நாற்காலியை எங்கே போடுவது என்பதுவரை யோசித்துவிட்டேன். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவள் ‘எப்படிக்கா’ என்று கேட்பாளே. ஒவ்வொன்றுக்கும் யூகம் என்று எத்தனை தடவை சொல்வது? சனிக்கிழமை போன் செய்தேன்.

“அந்த நாலு ஆட்டம் நானில்லப்பா. எங்க வீட்டுக்காரர்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “நெனச்சேன்க்கா! அண்ணன் எத்தன வருசமா ஆடுதாக?”

“எங்க ஆடறாரு? மொத்தமா அஞ்சாறு தடவை இருக்கும்.”

“ஆத்தாடி!” அந்த ஒரு சொல்லில் இருந்த வியப்பை என் ஆட்டத்துக்கு அவள் ஒருநாளும் தந்ததில்லை. “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு அண்ணன உக்காரச் சொல்லுதீங்களா?”

“அப்ப நானு?” குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

“உங்ககூடத்தான் தெனமும் ஆடுதேனே. உங்ககூட ஆடுனா சிரிப்பா இருக்கும்க்கா. நாளைக்கு மட்டும் செயிக்கணும்னு ஆசையா இருக்கு.”

இவரிடம் சொன்னேன். “வாயனசாலைல ஆளுக கோவிச்சுக்குவாங்களே” என்று இழுத்தாலும், ஞாயிறு காலையில் ஒன்பதரைக்கே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். என் பெயரில் ஆட முடியாது என்பதால் இவருக்குத் தனியாக ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. நான்தான் செய்தேன். கடைசியில் அந்த ஐந்து சொற்கள் வந்து நின்றன.

“என்ன கேக்குது?”

“எந்தளவுக்கு ஆடுவீங்கன்னு கேக்குதுங்க.”

“எனக்கென்ன தெரியும். நீதான் படிச்சவ, பாத்துப் போடு.”

விரல் ‘தேர்ந்தவர்’ மேல் ஒரு நொடி நின்றது. பிறகு ‘தொடக்கநிலை’யைத் தொட்டேன். தொட்ட பிறகுதான், இடுக்கியில் அவளுக்கு இந்தச் சொல்லைத் தொட்டுக் கொடுத்தது யாராக இருக்கும் என்று தோன்றியது.

பதினொரு மணிக்கு அவள் பெயர் இவருக்கு எதிரில் வந்தது. இரண்டு பெயருக்குக் கீழும் தொடக்கநிலை. பக்கத்துக்கு ஒருவராக இருந்த எதிராளிகள் இருவரும் உலகத்தரம். இவர் முதல் சீட்டைப் போடும் முன் முழுதாக ஒரு நிமிஷம் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோர் கலக்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். மோரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து இவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், ஒரு தப்பாவது பண்ணமாட்டாரா என்று.